சேதத்தின் காரணம்

ஆலங்கட்டி விழுந்த கூரையென்றால்
ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன்.
சூறைக்காற்றென்றால் ஒரு பகல்.
நெப்ராஸ்காவில் இருபத்திரண்டு வருடமாக
வானம் செய்ததற்கெல்லாம்
விலை போட்டு வந்திருக்கிறேன்.

இது வானம் செய்ததில்லை.
லொரெய்ன் ஹ்ருஸ்காவின் முன்னறைச் சுவரில்
ஒன்பதடிக்கு ஏழடி.
அளவுநாடாவின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள்.
ஓட்டை வழியே
எதிர்வீட்டுப் பிள்ளைகளின் டிராம்போலின் தெரிந்தது,
அதன்மேல் இன்னும் உருகாத பனி.

தாமிரக் கம்பி திருடியவன்
இந்த வீட்டுக்குள் போனதைப் பார்த்தேன் என்று
யாரோ சொன்னார்களாம்.
ஏதோ ஒரு பாலைவனத்தில் போர் முடிந்து
மாவட்டத்துக்கு இலவசமாய் வந்த கவச வண்டி,
அதுவரை ஜூலை நான்காம் தேதி ஊர்வலத்தில்
குழந்தைகளுக்கு மிட்டாய் வீசிக்கொண்டிருந்தது.
அன்றைக்கு அதற்கு வேலை கிடைத்தது.
திருடன் அந்நேரம் நாற்பது மைல் தள்ளி
காருக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"மணி அடித்தார்களா?"
"மணி அந்தச் சுவரில்தான் இருந்தது."

கண்ணீர்ப்புகைக் குப்பிகள் பதினான்கு.
மெத்தை, திரைச்சீலை,
உறைபெட்டியில் கோடைக்கென்று வைத்த சோளம்வரை
ஊறிப்போயிருந்தது.
மூன்றாவது வாரமும்
அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும் அழுகிறார்கள்.
நானும் அழுதேன்.
புகைதான்.

நகராட்சியின் கடிதத்தை நீட்டினாள்.
முதல் பத்தியில் வருத்தம்.
இரண்டாவதில்,
பொதுமக்களின் பாதுகாப்புக்காகச் செய்தது,
ஆகவே பொறுப்பில்லை.
"பொதுமக்களில் நான் சேர்த்தியில்லையா?"

எங்கள் பாலிசியிலும் பக்கம் முப்பத்தொன்று
அதையேதான் சொல்கிறது:
அரசின் செயலால் விளைந்த சேதம் நீங்கலாக.
வரியைத் தொட்டுக் காட்டினேன்.
அவள் என் விரலைப் பார்த்தாள்,
வரியைப் பார்க்கவில்லை.

படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன.
தீ. காற்று. ஆலங்கட்டி. களவு.
கடைசிக் கட்டத்தை இதுவரை நான் தொட்டதேயில்லை,
குடித்துவிட்டு ஓட்டிய ஒரு பால்வண்டிக்காரனுக்குத் தவிர:
வாகனம் மோதியது.

பேனா அங்கே வெகுநேரம் நின்றது.
மேலாளர் கிறிஸ்டன்சன் திங்கட்கிழமையே கண்டுபிடித்துவிடுவார்.
இருந்தாலும் டிக் அடித்தேன்.
வண்டியின் நிறம்: கறுப்பு.
எடை: பதினெட்டு டன் இருக்கலாம்.
ஓட்டுநர் பெயர் கேட்ட இடத்தில் எழுதினேன்,
மோதியவர் நிற்காமல் போய்விட்டார்.

காரில் ஏறும்போதுதான் உறைத்தது,
வீட்டைவிட்டு நான் கதவு வழியாக வரவில்லை.
கதவு அங்கேயே இருந்தது,
கீறல்கூட இல்லாமல்,
உள்ளே தாழிட்டபடி.