செட்

அம்மன் கொடை அன்றைக்குத்தான்
என்னைப் பார்க்க வந்தார்கள்.
வேம்பில் கட்டியிருந்த குழாய்
நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து வாய் பிளந்திருந்தது.
மைக் செட் ராசதுரையிடம் அண்ணன் போய்
ஒரு மணி நேரம் குறைச்சு வையும் என்று கெஞ்சினான்.
"சாமி காரியம், நான் என்ன செய்ய?"
இன்னும் ஒரு புள்ளி ஏற்றிவைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் பல்செட்டைக் காணவில்லை.
டம்ளரில் தண்ணீர் மட்டும் கிடந்தது.
வண்டி தெருமுனை திரும்பும்போது
அவர் சட்டைப்பைக்குள்ளிருந்து
அது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

டீ செட் எதிர்வீட்டு மரியபுஷ்பத்துடையது.
ஆறு கோப்பையில் ஒன்றுக்குக் காது இல்லை.
அது யாருக்கு என்று
அம்மாவும் மதினியும் அடுக்களையில்
கண்ணாலேயே மந்திரிசபை கூட்டினார்கள்.
தரகருக்குப் போனது.
திருநீறு வாங்குவதுபோல் உள்ளங்கை குவித்து வாங்கி
ஊதி ஊதிக் குடித்துவிட்டு
"செட் ஆயிரும் பாத்துக்கிடுங்க" என்றார்.

மாப்பிள்ளை என்னிடம் ஏதோ கேட்டார்.
உதடு அசைந்தது தெரியும்.
குழாய் அந்நேரம்
பால்குடம் எடுப்பவர்களை அதட்டிக்கொண்டிருந்தது.
நான் "ஆமா" என்றேன்.

நாலு நாள்.

வள்ளியூர் பாலிடெக்னிக்கில்
சிமென்ட் குழைத்து ஊசி இறக்கிப் பார்ப்போம்.
முதல் செட் அரை மணிக்கு முந்தக் கூடாது,
கடைசி செட் பத்து மணியைத் தாண்டக் கூடாது.
தாண்டினால் அந்த மூடையைத் திருப்பி அனுப்பலாம்.
இவர்கள் எடுத்துக்கொண்டது நாலு நாள்.
ஊசியும் அவர்கள் கையில்தான் இருந்தது.

"செட் ஆவாதுன்னு சொல்லிட்டாவ"
என்றார் தரகர், போனில்.
"கல்யாணத்துக்குப் பொறவும்
வெயில்ல நின்னு கம்பி எண்ணப் போவியான்னு கேட்டாராம்.
நீ ஆமான்னுட்டியே தாயி."

சரியாகக் காதில் விழுந்திருந்தாலும்
அதைத்தான் சொல்லியிருப்பேன்.
அதை ஒருவரும் நம்பவில்லை.
ராசதுரையை அடிக்கப் போனான் அண்ணன்,
போன இடத்தில் பேசிக்கொண்டிருந்துவிட்டு
ராத்திரி ரெண்டு செட் பரோட்டாவோடு வந்தான்.
சால்னா நன்றாக இருந்தது.
அம்மா மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மதினி மகள் தன்ஷிகா
விளக்கடியில் உட்கார்ந்து கத்திப் படிக்கிறாள்:
சன் செட்ஸ் இன் த வெஸ்ட்.
சன் செட்ஸ் இன் த வெஸ்ட்.
திடீரென்று நிறுத்தி,
"அத்த, சூரியன் யார் கூட செட் ஆவுது?"

மறைவதுதான் என்று சொல்லியிருக்கலாம்.
"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன்.
சேர்வதற்கும் மறைவதற்கும்
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இங்கிலீஷ்காரன் எப்படிப் பெண் பார்க்கப் போனானோ!

மறுநாள் களக்காட்டு ரோட்டில் தளம் போட்டோம்.
கொத்தனார் சங்கிலியாண்டி,
கலவை மெஷினில் சிவந்திக்கனியும் அவள் செட்டும்,
பதினோரு பேர், ஒரு சட்டி கீழே விழவில்லை.
மூணரைக்கு முடிந்தது.
நாளைக்குப் பாத்தி கட்டித் தேக்கத்
தண்ணீருக்கு வாழைத்தோட்டத்துப் பம்புசெட்டுக்காரரிடம்
பேசிவிட்டு ஏறி வந்தால்,
தளத்தின் குறுக்கே நாய் ஒன்று
யாரையும் கேட்காமல் நடந்து போயிருக்கிறது.
கிழக்கு ஓரம் தொடங்கிப் பத்தொன்பது தடம்.
கடைசியில் ஒரு தாவல்.

"பூசிரட்டுமாம்மா? இன்னும் செட் ஆவல."
கரண்டியோடு குனிந்தார் சங்கிலியாண்டி.
எப்படியும் மேலே தட்டோடு வரும்,
ஒருத்தர் கண்ணிலும் படாது.
கிடக்கட்டும் என்றேன்.

எங்கள் ஊரில் பொழுது சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடும்.
ஆறு மணி என்று கடிகாரம் சொல்லும் முன்னாலேயே
வாழைகளின் மேல் நிழல் ஏறிவிடும்.
ஆனால் வானம் மட்டும்
வெகுநேரம் வெளிச்சமாகவே நிற்கும்,
போனவர் திரும்பி வந்து
எதையோ எடுத்துப் போவார் என்பதுபோல.

ஓரத்தில் பெருவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன்.
மேலே குளிர்ச்சி, உள்ளே சூடு.
லேசாகப் பதிந்தது.