ஓராள் கணக்கு

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வந்த
பதினாறாம் நாள்
மயானத்து மதிலில் காகிதம் ஒட்டினார்கள்.
பர்மிய எழுத்து எனக்குக் கூட்டிக்கூட்டித்தான் வரும்.
அதனால் சேதி மெதுவாக வந்தது:
ரங்கூன்
வளர்கிறது
இடம்
வேண்டும்
மாசிக்குள் எடுத்துக்கொண்டு போங்கள்.

எடுக்க ஆளில்லாதவர்களை என்ன செய்வார்கள் என்று
அதில் இல்லை.
மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மஞ்சள் இயந்திரத்துக்குத்
தெரிந்திருக்கும்.

ஊ சான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
விலை சொன்னார்.
தோண்டுகிற கூலி தனி, பெட்டி தனி.
ஒக்கலாபாவுக்கு அப்பால் புது மயானத்தில்
பாதையோரம் ஒரு விலை,
பள்ளத்தில் பாதி.
"மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்.
அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?"
எல்லாம் ஆள் ஒன்றுக்கு.

ஆள் ஒன்றுக்கு.

என் வீட்டுக்காரர் பிலவேந்திரன்
அங்கே தனியாகப் படுத்திருக்கவில்லை.
அவருக்குக் கீழே செசிலி.
என் கழுத்தில் தாலி ஏறுவதற்கு ஏழு வருஷம் முன்னால்
காய்ச்சலில் போனவள்.
இவர் போனபோது புதுக்குழிக்குப் பணமில்லை.
பழைய குழியைத் திறந்தால் அரைக் கட்டணம் என்றார்கள்.
அரைக் கட்டணத்தில்
மூத்தவளிடமே திருப்பி அனுப்பினேன்.
கோயிலில் யாரோ அதைப் பெருந்தன்மை என்றார்கள்.
நான் மறுக்கவில்லை.

கல்லில் அவள் பெயர் மட்டும்.
செசிலி, மூன்று எழுத்து.
கொத்துகிறவன் எழுத்துக்கு இவ்வளவு என்றான்.
பிலவேந்திரன் ஏழு.
அடுத்த வருஷம் என்றேன்.
அடுத்த வருஷமும் அடுத்த வருஷம் என்றேன்.

ஒற்றைத் தோட்டை விற்கப் போனேன்.
ஜோடியாக இருந்தால்தான் எடுப்பேன் என்றான் கடைக்காரன்.
ஜோடியாகக் கொடுத்தேன்.
அப்படியும் ஓராளுக்குத்தான் கட்டியது.

கோ தௌங் விடியலிலேயே மண்ணை ஒதுக்கிவிட்டான்.
இடுப்பளவுக் குழிக்குள் நின்று
இரண்டு விரலைக் காட்டினான்.
நான் ஒன்றைக் காட்டினேன்.
அவன் குனிந்து பார்த்துவிட்டு, பாவம்,
மறுபடி இரண்டைக் காட்டினான்.
ஒரு கட்டுச் சுருட்டை எடுத்துக் கரையில் வைத்தேன்.
"ஒன்று" என்றான்.

இடது கணுக்காலை மட்டும் எனக்குத் தெரிந்தது.
படகுப் பலகை சறுக்கி முறிந்து
கோணலாகக் கூடிய எலும்பு.
எத்தனை இரவு எண்ணெய் தடவியிருக்கிறேன்.
மற்றதெல்லாம் யாருடையதென்று சொல்ல முடியாது.
இரண்டு ஜெபமாலை, ஒரே சிக்கு.
பிரிக்க உட்கார்ந்தேன்.
வெயில் ஏறியது. அப்படியே போட்டு மூடினேன்.

"பெயர்?" என்றார் ஊ சான்.
ரசீதிலும் கல்லிலும் ஒரே பெயர் இருக்க வேண்டுமாம்.
புதுக் கல் என் கைக்கு எட்டாது.
இருக்கிற கல்லுக்குக் காசில்லை.
"செசிலி" என்றேன்.

"உங்களுக்கு என்ன உறவு?"

சக்களத்திக்குப் பர்மிய வார்த்தை எனக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா?
"அக்கா" என்றேன்.
எழுதி, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

டலா படகுத்துறையில் இருபத்தாறு வருஷம்
சீட்டுக் கிழித்த மனுஷன்,
ஒரு குழந்தையை இடுப்பில் மறைத்துக் கூட்டிப் போனாலும்
வயசு கேட்டு நிறுத்துகிற மனுஷன்,
சீட்டில்லாமல் என் மடியில் உட்கார்ந்திருந்தார்.
சத்தம் காட்டாதீர்கள் என்றேன்.
செசிலியிடமும் சொன்னேன்.
அவளோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பேருந்தில் நடத்துநர்ப் பையன்
பெட்டியைப் பார்த்தான், என்னவென்று கேட்கவில்லை.
காலடியில் கிடந்த கல்லைப் பார்த்தான்.
இது ரெண்டு ஆள் இடத்தை அடைக்குது,
ரெண்டு சீட்டு எடு என்றான்.

பேரம் பேச வாயைத் திறந்தேன்.
பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதில்
பெட்டிக்குள் கடகடவென்று ஒரு சத்தம்.

இரண்டுக்கும் கொடுத்தேன்.