தலையாட்டி

செட்விண்டில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மரச்சிற்பங்கள்.
செயின்சாவால் செதுக்கியவை: கரடி, கழுகு,
வாய் பிளந்து வானம் பார்க்கும் ஓநாய்.
லொறிக்காரர்கள் இறங்கி அதன் கழுத்தில் கைபோட்டுப்
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் ஓநாயின் கழுத்தில் பட்டி.
திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி,
நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று.
பெயரில்லை. எஃப் பதினேழு.
நேரில் கண்டதில்லை,
அதன் பனிக்காலங்கள் மட்டும் எனக்குத் தெரியும்.

முதலாவதில் ஏழு பேரோடு திரிந்தது.
ஆள்கூறுகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
ஹெலிகொப்டர் போனது.
ஏழும் விழுந்தன, இதை விட்டுவிட்டார்கள்.
விடத்தான் வேண்டும், அதுதான் முறை:
தனித்தது தன் இனம் தேடிப் போகும்,
ஊளையிடும்,
எங்கிருந்தோ ஒரு பதில் வரும்,
எங்களுக்கு இன்னொரு கூட்டம் கிடைக்கும்.
அடுத்த பனிக்காலம் நாலு.
அதற்கடுத்தது இரண்டு.

ஆள்கூறு.
கணக்குப் பாடத்தில் படித்த சொல்.
இத்தனை வருசம் கழித்துப் பிரித்துப் பார்க்கிறேன்:
ஆளைக் கூறு.

மைதானத்து வெயிலில் எங்களை வரிசையாக நிறுத்தியபோது
ஜீப்புக்குள் ஒருவனை இருத்தியிருந்தார்கள்,
தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை.
அந்தச் சாக்கு மேலும் கீழும் அசைந்தால் ஆள் போச்சு.
எனக்கு முன்னால் நின்ற கடைக்காரருக்கு அசைந்தது.
எனக்கு அசையவில்லை.
ஓட்டைக்குள் கண் நனைந்திருந்ததை
இதுவரை யாரிடமும் கதைத்ததில்லை.
அவனையும் யாரோ
விட்டுவைத்துத்தான் இருந்திருப்பார்கள்.

கரிபூ மான்கள் குறைந்துவிட்டன, அது பொய்யில்லை.
எங்கள் மலையில் முப்பத்தெட்டுத்தான் மிச்சம்.
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்;
இங்கே மான் நனைகிறதே என்று
காட்டை மொட்டையடித்தவர்கள் அழுகிறார்கள்.
குழாய்க்கு ஒரு பாதை, மரத்துக்கு ஒரு பாதை,
ஞாயிற்றுக்கிழமைப் பனிவண்டிக்கு ஒரு பாதை.
இறுகிய பனியில் கால் புதையாது என்று
ஓநாய் கண்டுபிடித்தது.
பாதை போட்டதற்குப் பெயர் அபிவிருத்தி.
அதில் நடந்ததற்கு மரண தண்டனை.

விமானி கோர்டெல் நல்லவன்.
சின்னப் பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறான்,
என் காருக்கு அடியில் படுத்து ஒருமுறை
உறைந்த குழாயைச் சூடுகாட்டித் தந்தவன்.
திங்கள் காலையில் கோப்பியோடு வந்து
"நம்ம பெண் எங்கே?" என்பான்.
நம்ம பெண்.

இந்த மார்ச்சில் அவள் அதிகம் நடக்கவில்லை.
ஐந்து நாளாக ஒரே ஓடைச் சரிவு.
புள்ளிமேல் புள்ளி விழுந்து
திரையில் பச்சைக் காயமாய்த் தடித்துவிட்டது.
செத்திருந்தால் பட்டி வேறு ஒலி எழுப்பும்.
இது சாவு இல்லை.
மண் தோண்டுகிறாள்.
ஒருத்தி தனியாகத் தோண்டுவதில்லை,
பக்கத்தில் பட்டி இல்லாத ஒருவன் இருக்கிறான்,
அவனுக்குப் புள்ளி இல்லை,
எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தவன்.

பற்றரி தீரப்போகிறது என்று எச்சரிக்கை வந்து
ஒரு வாரம்.
புதுப் பட்டிக்கான படிவம் மேசையில் கிடக்கிறது,
அதன்மேல் என் சாப்பாட்டுப் பெட்டி.

இன்று திங்கள்.
கோர்டெலின் சப்பாத்துப் பனி தரையில் உருகுகிறது.
"நம்ம பெண் எங்கே?"
திரையை அவன் பக்கம் திருப்பவில்லை.
தலைக்குமேல் ஏதோ சொரசொரவென்று இறங்கியதுபோல்,
பழைய சணல் நாற்றம்,
இரண்டு ஓட்டை வழியாக அவன் முகம்.

என் தலை அசையவில்லை.

இது வீரமில்லை.
பறக்கும் பருவம் முடிய இன்னும் பதினொரு நாள்.
நாளை எனக்கு விடுப்பு;
அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பார்.
வீட்டுக்குப் போகும் வழியில்
மர ஓநாயின் திறந்த வாய்க்குள்
பனி நிரம்பியிருந்தது.
காரை நிறுத்தி
கையால் தோண்டி எடுத்தேன்.