இடது கால் உரு

நான்காவது வாரம் போனது
கோல்கீப்பர் குணாளனின் மோதிர விரல்.
அதற்கு முன் பெனடிக்டின் கணுக்கால்.
அதற்கும் முன் இலியாஸின் பின்தொடை.
எலும்புக்கும் நரம்புக்கும் இத்தனை பெயர் உண்டென்று
சூரமங்கலம் லோகோ லெவன் ஆட்கள் நாங்கள்
இந்த ஆனியில்தான் கற்றுக்கொண்டோம்.

ஆஃப்சைடுக்குச் சண்டை போட்ட டீக்கடையில்
எக்ஸ்ரேயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
"இது விரிசல் இல்லப்பா, நிழல்" என்கிறார்
பார்சல் ஆபீஸ் தனவேல்.
"நிழலுக்கா ஆறு வாரம்?" என்கிறது பெஞ்சு.

புத்தூர்க் கட்டா, பெரியாஸ்பத்திரியா என்று
இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறோம்.
அவர்கள் முட்டை வாங்கிக் கொடுக்கிறார்கள்.
நாங்கள் விடியலில் சீட்டுக்கு வரிசை நிற்கிறோம்.
நடுக்களம் எப்படி என்று யாரும் கேட்பதில்லை.
நடுக்களம் படுத்திருக்கிறது,
ஆண்கள் எலும்புப் பிரிவு, ஜன்னலோரக் கட்டில்.

மிச்சமிருந்தது மாதையன்.
இடது விங்.
ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை.
சனிக்கிழமை கடைசி பஸ்ஸில்
இருபது வளைவும் தூங்கிக்கொண்டே இறங்கி வருவான்.
ஞாயிறு அவன் ஓடுகையில்
கோட்டுக்கு இந்தப்பக்கம் நாங்களும் ஓடுவோம்,
தொப்பையும் செருப்புமாய்.

அவனும் விழுந்தான். பந்தால் அல்ல.
நிழல் கழிக்க ஏறிய சில்வர் ஓக்கில்
மழைப் பாசி.
மேலிருந்து வந்த போன் பனியில் விட்டு விட்டுக் கேட்டது:
"மரத்துல இருந்து... முட்டிக்குக் கீழ..."
"எந்தக் கால்?" என்றோம்
பதினைந்து பேரும் ஒரே குரலில்.
முதலில் வேறு கேட்டிருக்க வேண்டும்.
அன்று டீக்கு யார் காசு கொடுத்தார்கள் என்றே நினைவில்லை.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை.
முகம் தெரியாத கணுக்கால்களுக்குக் கொலுசு:
ஒன்பதரை, பத்து, பத்தரை.
ஆடியில் கல்யாணம் இல்லை, கொலுசு படுத்துவிடும்.
கை கால் கண் என்று உரு ஓடும்,
கோட்டை மாரிக்கு.
"ஒரு கால் அடிச்சுக் குடு" என்றார்கள்.
வசூலில் இலியாஸின் அண்ணன் நூறு வைத்தார்,
வீட்டில் சொல்ல வேண்டாமென்று.
"என்னை வேளாங்கண்ணி பாத்துக்கும், இது அவனுக்கு"
என்று கட்டிலில் இருந்தே ஐம்பது அனுப்பினான் பெனடிக்ட்.

பட்டறையில் இருப்பது ஒரே அச்சு. வலது கால்.
நாற்பது வருடமாய் எந்தக் கால் நோவுக்கும் அதுதான்.
அம்மன் ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை.
சொன்னேன்.
தனவேல் ஒப்பவில்லை:
"வலதைக் குணமாக்கிட்டா என்ன பண்றது?
அவன் வலது கால் பஸ் ஏற மட்டும்தான்யா."
தகட்டைத் திருப்பிப் போட்டால் இடதாகுமே என்றான் ஒருவன்.
திருப்பிக் காட்டினேன்.
மேடெல்லாம் குழியாகிக் கிடந்தது.
கால் இல்லை அது, கால் போன தடம்.
யாரும் பேசவில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கி
கையாலேயே தட்டினேன்.
கெண்டைக்கால் பரவாயில்லை.
சுண்டுவிரல் பெரிதாகிவிட்டது.
பந்தை வெளிப்பக்கம் வளைக்கிற விரல்,
இருக்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிறு, பதினொன்று தேறாமல்
ஆட்டோ ஜெகதீசனுக்குக் கொடுத்தார்கள்
மாதையனின் சட்டையை.
இடைவேளைக்குள் மூச்சு வாங்கி
வலப்பக்கமே நின்றுவிட்டான்.
நாலுக்கு பூஜ்யம்.
பழக்கதோஷத்தில் மூன்று முறை
இடது ஓரத்துக்கு நீளமாய் வந்தது பந்து.
ஆள் இல்லாத புல்லில் உருண்டு
எங்கள் செருப்பில் வந்து நின்றது.

மூன்றாம் முறை நான் குனிந்து எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை உண்டியலுக்குப் போக வேண்டிய உரு
சட்டைப் பையில் இருந்தது.
சுண்டுவிரல் குத்தியது.