மீட்கப்பட்டது

எங்கள் கடையில் ஒரு ரப்பர் முத்திரை உண்டு.
ஊதா மை.
பத்தொன்பது வருஷம் அதை அழுத்தியதில்
என் உள்ளங்கையில் ஒரு காய்ப்பு.
'மீட்கப்பட்டது' என்று விழும்,
கடைசி எழுத்து மட்டும் பாதி தேய்ந்து.

பழைய வண்ணாரப்பேட்டை.
எம்.சி. ரோட்டுத் துணிக்கூட்டம் ஓய்கிற சந்தில்
கம்பி வலைக்குப் பின்னால் நான்.
திங்கள் முதல் சனி வரை நான் குத்துகிற வினைச்சொல்லைத்தான்
ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கோயிலில்
பெயர்ச்சொல்லாக்கிப் பாடுகிறார்கள்:
மீட்பரே, எங்கள் மீட்பரே.
நான் வாய் திறப்பதில்லை.
வட்டி தெரிந்தவனுக்கு
அந்தச் சொல் சுலபமாக வராது.

அமலோற்பவத்தின் கம்மல்
மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தது.
காசிமேட்டில் விசைப்படகுகள்
மூக்கோடு மூக்கு உரசிக் கட்டிக் கிடந்த மாதம்.
மூன்றரை கிராம். ஒரு திருகாணியில்
நழுவாமலிருக்க நூல் சுற்றியிருந்தாள்.
கவரில் போட்டேன், எண் எழுதினேன்.
ஓராண்டும் ஏழு நாளும் கெடு.

இரும்புப் பெட்டிக்குள் பொன் துருப்பிடிப்பதில்லை,
எடை குறைவதில்லை.
தேதி மட்டும் அதன்மேல் ஏறிக்கொண்டே இருக்கும்.
எந்தக் கம்மலும் எழுந்து வந்து
தன் கடனைத் தானே கட்டியதாக
எங்கள் பேரேட்டில் இல்லை.

ஏலக் கடிதம் போட்டோம்.
ஆளில்லை என்று திரும்பி வந்தது.

ஏலத்துக்கு முந்தின நாள், மழையில்
மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒருவன்.
ஐஸ் பெட்டி தூக்கி வெடித்த விரல்கள்.
இஞ்ஞாசி, அவள் தம்பி.
பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றான்,
நான் கேட்காமலே.
"அக்கா ஸ்டான்லில கீது.
நா வந்தது அதுக்குத் தெரியாது."

ரசீது இல்லை. நான் சட்டம் பேசினேன்:
வைத்தவர் வர வேண்டும்,
இல்லையென்றால் ரத்த உறவு, அதற்கும் அத்தாட்சி.
பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்தான்.
அப்பன் பெயருக்குக் கீழே
அடுத்தடுத்து இரண்டு பெயர்கள்.

கூட்டிச் சொன்னேன்.
வண்டி விற்ற காசை எண்ணி வைத்தான்,
மீன் கூடை கட்டுகிற வண்டி.
மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்:
"இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கலாமே."
நிமிர்ந்து பார்த்தான்.
"புத்சு இன்னாத்துக்கு?
அது அக்காளுது இல்லியே."

எங்கள் ஏலத்தில் எத்தனையோ பேர்
விலை கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார்கள்.
அவர்களில் ஒருவரைக்கூட
நாங்கள் மீட்டவர் என்று எழுதியதில்லை.
தன்னுடையது, அல்லது தன்னுடையவர்களுடையது,
அதற்கு மட்டும்தான் அந்த முத்திரை.
பத்தொன்பது வருஷம் குத்தியவனுக்கு
அன்றைக்குத்தான் உறைத்தது.

கவரைப் பிரித்துப் பார்த்தான்.
திருகாணி நூல் அவிழ்ந்திருந்தது.
"சுத்தித் தரட்டுமா?"
"வாணா. அதுவே சுத்திக்கும்."
வண்டியில்லாமல் மழையில் நடந்தான்,
சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு.

ஒன்று மட்டும் கணக்கில் உதைக்கிறது.
இஞ்ஞாசியின் பணம் முதலாளி கல்லாவில் விழுந்தது, பார்த்தேன்.
சிலுவையில் கொடுத்த விலை
யார் கல்லாவில் விழுந்தது?
பங்குச் சாமியாரிடம் கேட்டேன்.
நல்ல கேள்வி என்றார்.
அதற்குள் புதுப் படகு மந்திரிக்கக் கூப்பிட்டார்கள்,
போய்விட்டார்.

போன ஞாயிறு
முதல் வரியை மட்டும் நானும் பாடினேன்.
இரண்டாவது வரிக்குள்
கேள்வி வந்துவிட்டது.