பூட்டுக்கல்

இரண்டேகால் ரயில் போய் முடியட்டும் என்றான் சமரக்கோன்.
போனது. இடுப்புக் கயிற்றில் இறங்கினேன்,
ஒஹியாவுக்கு இப்பால்
இருபத்தொன்றாம் பாலத்தின் வயிற்றுக்குக் கீழே.

சுத்தியலால் ஒவ்வொரு கல்லாய்த் தட்டிக் கேட்க
எனக்குச் சம்பளம்.
டங் என்றால் நலம்.
பொத் என்றால் சிவப்புச் சாயம்.

பாசியைச் சுரண்டினால் உளியெழுத்து: ௭.
அடுத்ததில் ௮.
வரைபடத்தில் இல்லாத கணக்கு.
எதிர்ப்பக்கமிருந்தும் அதே ௧, ௨, ௩ ஏறி வருகிறது.
வேறு கை. இவனுடைய ௪ கொஞ்சம் சாய்வு,
குளிரில் வெட்டியிருப்பான்.

மரச்சாரத்தின் முதுகில் கிடந்தவரை
இவை வெறும் பாரம்.
சாரத்தை உருவிய காலையில்
எல்லாக் கற்களும் ஒரே சமயத்தில் விழப் பார்த்து,
ஒன்றையொன்று நெருக்கி,
விழ வழியில்லாமல்
நின்றுவிட்டன.
அரை அங்குலம் இறங்கியதாம்.
அலுவலகக் குறிப்பில் அது மட்டும் இருக்கிறது.

இந்த ௰௧க்கும் அந்த ௰௧க்கும் நடுவே
பூட்டுக்கல்.
அதில் எண் இல்லை.
மிஞ்சிய இடைவெளியை அளந்து
கடைசியாய்ச் செதுக்கியதை
யார் எதோடு மாற்றி வைக்கப் போகிறார்கள்?

தட்டினேன்.
"மொகத?" என்று மேலிருந்து கத்தினான் சமரக்கோன்.
பதிலுக்கு
இன்னொரு தரம் தட்டினேன்.