இறைப்பதும் அடைப்பதும்

கீழக்கரை அரசு மருத்துவமனை, பல் பிரிவு.
மின்விசிறி உண்டு, கரண்ட் இல்லை.
நம்புத்தாய் வாயைத் திறக்கிறாள்.
இடப்பக்கம், கீழ் ஈறு
கரையொதுங்கிய சொறிமீன் போல் பளபளக்கிறது.
மடிப்பில் வெள்ளையாய் ஏதோ மாவு.

என்னம்மா இது?

"நீர் மாத்திரை, டாக்டர்.
பிரஷருக்குக் குடுத்தது.
முழுங்குனா கால் வீக்கம் வடியுதுல்ல,
அதான் நுணுக்கி
வீங்குன எடத்துலயே வச்சுப் பாத்தேன்."

சிரித்திருப்பேன்.
பஞ்சைப் பிடித்த கை நின்றுவிட்டது.

பத்து வருடம் முன்னால், மதுரையில்,
வெள்ளெலிகளின் வாலில் நீலச் சாயம் ஏற்றினேன்.
ஈறைப் புண்ணாக்கிவிட்டுக் காத்திருந்தேன்.
அழற்சி கண்டால் ரத்தக்குழாயின் சுவரில்
செல்லும் செல்லும் ஒன்றையொன்று விட்டு விலகும்;
அந்த இடுக்கில் கசிந்த நீலம் எவ்வளவு
என்று அளப்பதுதான் வேலை.
நீர் மருந்து கொடுத்த எலிகளுக்கு
ஈறு கொஞ்சம் வெளிறியே இருந்தது.
எல்லாவற்றுக்கும் அல்ல,
பதினொன்றில் ஏழுக்கு.
இது போதாது என்றார் துறைத்தலைவர்.
போதாதுதான்.
அந்த நோட்டு எங்கே போனதோ.

சொன்னேன்: மாத்திரை சிறுநீரகத்துக்குப் போய்
உப்பை வெளியே தள்ளும்,
உப்புப் போனால் தண்ணீரும் பின்னால் போகும்.
ஈறில் வைத்தால் ஈறுதான் புண்ணாகும்.

அப்பா தீவு வரை போய்
மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவள்.
அவளுக்கு உப்பைப் பற்றி நான்.

"வள்ளத்துல ஓட்டை விழுந்தா
எறைக்கிறது வேற, அடைக்கிறது வேற.
இது எறைக்குமா, அடைக்குமா?"

இறைக்கும், என்றேன்.
அடைக்கவும் செய்யுமோ என்பது
பதினொன்றில் ஏழாக
என் நாக்கிலேயே நின்றுகொண்டது.

மாவைக் கழுவி, கீறி, சீழ் எடுத்தேன்.
துப்பினாள். கொப்பளித்தாள். மறுபடி துப்பினாள்.
பிரஷர் நூற்றெழுபது.
மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

"கடலுக்குப் போற அன்னைக்குப் போடுவேன்.
பஸ்ல வர்ற அன்னைக்குப் போட மாட்டேன்."

ஏன்?

என்னைப் பார்க்காமல்
கிடுக்கிகள் கிடந்த தட்டைப் பார்த்தாள்.

"கடல்ல யாரு பாக்குறா.
பஸ்ஸு நிக்காதுல்ல."

ஆறு நாளைக்கு மாத்திரை எழுதினேன்.
சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில்:
ஓட்டுநர் அவர்களுக்கு,
இவர் கேட்கும் இடத்தில் வண்டியை நிறுத்தவும்.
கையெழுத்து. பதிவு எண்.
முத்திரையின் நீலம்
மலிவுத் தாளில் ஊறிக் கோட்டைத் தாண்டியது.

என்ன எழுதியிருக்கு என்று கேட்டாள்.
வாசித்தேன்.
இன்னொரு தடவை, என்றாள்.